ஏளா, இங்கன வா

எங்க வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டதும் எந்த சிஸ்டத்துக்குள்ள போகணும்னு கேட்டு கருப்புத் திரையில ரெண்டு வரி வரும். 'ஏளா, இங்கன வா'ங்கிறது லினக்ஸ். 'அங்கன போ'ங்கிறது விண்டோஸ். ஒண்ணும் அமுக்காம பத்து விநாடி இருந்தா தானா இங்கன வந்திரும். எழுதி வச்சது என் வீட்டுக்காரர். தமிழ் எழுத்து அந்த இடத்துல உடைஞ்சு உடைஞ்சு தெரியுதுன்னு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருந்தார். என்னைச் சீண்டத்தான். விண்டோஸ் மேல அந்த மனுசனுக்கு அப்படி ஒரு கடுப்பு.

அவர் போய்ச் சேர்ந்து மூணு வருசம் ஆச்சு. இந்தப் பாளையங்கோட்டையில என்னை ஏளான்னு கூப்பிட வேற ஆள் கிடையாது. காலையில அந்த ஒரு வரிதான் கூப்பிடும்.

போன மாசம் விண்டோஸ் படுத்துட்டு. பள்ளிக்கூடத்து வினாத்தாளை அதுலதான் அடிக்கணும். கடையில கொடுத்து புது விண்டோஸ் போட்டு வாங்கிட்டு வந்தேன். வீட்ல போட்டுப் பார்த்தா நேரே விண்டோஸ்தான் வருது, ரெண்டு வரியையும் காணோம். கடைக்காரருக்கு ஃபோனைப் போட்டேன்.

"அந்த மெனுவாக்கா? விண்டோஸ் போட்டா அது போயிரும்லா. யாரோ சின்னப் பயலுவ 'ஏலா, இங்கன வா'ன்னு எழுதி வச்சிருந்தானுவ. பார்த்துட்டு நானும் சிரிச்சேன்."

"அது ஏலா இல்ல அண்ணாச்சி, ஏளா."

"ரெண்டும் ஒண்ணுதானக்கா."

ஒண்ணாம்லா! ஏலா பயலைக் கூப்பிடுதது, ஏளா பொண்டாட்டியைக் கூப்பிடுதது. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்துன்னா அதுக்கு நான் என்ன செய்ய? தமிழ் டீச்சர் என்ட்ட வந்து ளகரம் படிச்சுக் கொடுக்கார். ஃபோனை வச்சுட்டு அழுதேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் சர்ச்சுக்குப் போயிட்டாவ. தெருவே அமைதியா கிடந்துச்சு. அவர் மேசை டிராயர்ல லினக்ஸ் போட்ட பென்டிரைவ் ஒண்ணு கிடக்கும். அதைச் சொருகி அது வழியா கம்ப்யூட்டரைத் திறந்தேன். லினக்ஸ் அழியலை, அதுக்குப் போற வாசலை மட்டும் விண்டோஸ் அடைச்சிருக்கு, திறக்க ரெண்டே கட்டளைதான்னு ஃபோன்ல படிச்சிருந்தேன். முதல் கட்டளை வாசலைத் திரும்ப வைக்கும். ரெண்டாவது, மெனுவைப் புதுசா எழுதும்.

முதல் கட்டளையை ஒவ்வொரு எழுத்தாப் பார்த்துப் பைய அடிச்சேன். திட்டுச்சு. டிஸ்க் பேருக்குப் பின்னால ஒரு அஞ்சு சேர்த்து அடிச்சிருக்கேன், கூறு கெட்டவ. அதை எடுத்துட்டு அடிச்சதும் பிழை இல்லைன்னு ஒரு வரி வந்துச்சு. ரெண்டாவதை அடிக்கக் கை வரலை. புதுசா எழுதினா அவர் எழுதினது இருக்குமா, போயிருமா? யார்ட்ட கேக்க? கேக்க வேண்டிய ஆளே அவர்தான். அப்படியே நிறுத்திட்டு பென்டிரைவை உருவினேன்.

திரும்பப் போட்டேன். கருப்புத் திரை. ரெண்டு வரியும் வந்துச்சு.

'அங்கன போ'வை அமுக்கிப் பார்த்தேன். போகலை. அது தேடுத பழைய விண்டோஸ் இப்போ இல்லை. புதுசுக்கு வழி வேணும்னா அந்த ரெண்டாவது கட்டளையை அடிச்சே ஆகணும். நல்லாருக்கே! வினாத்தாளைப் பள்ளிக்கூடத்துலயே இருந்து அடிச்சிட்டுப் போறேன்.

அணைச்சு இன்னொரு தடவை போட்டேன். 'ஏளா, இங்கன வா.' பத்து, ஒன்பது, எட்டுன்னு குறைஞ்சுது. அம்புக்குறிச் சாவி ஒண்ணைத் தட்டினா அந்த எண்ணிக்கை நின்னுரும். தட்டினேன். நின்னுட்டு.

"இங்கனதான் இருக்கேன்," வாய்விட்டே சொன்னேன். "நீங்க எங்கன இருக்கீய?"