பேய் வராத பேய்ப்படம்

கரகரவென்று ஓர் இரைச்சல். காசிமேட்டுச் சாலையில், படகுச் சாமான் விற்கும் கடை வாசலில் யாரோ ஒரு வயர்லெஸ் செட்டைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். கரகர, நடுவே ஓர் ஆண்குரல், மறுபடி கரகர. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான் தலையை நீட்டிக் கேட்டேன். போன வருட மீன்பிடித் தடைக்காலம் ஞாபகம் வந்துவிட்டது. இந்த வருடத்துத் தடைக்காலமும் முடிந்துவிட்டது. நான் ஒரு படமும் பார்க்கவில்லை.

கோடையில் இரண்டு மாதம் விசைப்படகுகள் கரையிலேயே கட்டிக் கிடக்கும். அந்த இரண்டு மாதம்தான் என் சிநேகிதனுக்கு சினிமா. அவன் படகு டிரைவர். நான் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் பெட்டிகளின் எண்ணைச் சரிபார்க்கிறவன், மிச்ச நேரத்தில் எழுதுகிறவன். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டு. தடைக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நான் லீவு போட்டுவிடுவேன். காலைக் காட்சி, பின்வரிசை, இரண்டு சீட்டு.

போன வருடம் அப்படிப் பார்த்தது ஒரு பேய்ப்படம். கடலில் தொலைந்த ஒருவன், வீட்டில் கிடக்கும் பழைய வயர்லெஸ் செட்டில் மனைவியைக் கூப்பிடுகிறான். அவள் பதில் பேசுகிறாள். மீன் என்ன விலை, பிள்ளைக்குக் காய்ச்சல், ஓடு ஒழுகுகிறது, இப்படியே இரண்டு மணி நேரம். பேய் ஒருதடவைகூடத் திரையில் வரவில்லை. கடைசியில் அவள் “போய்ட்டு வா” என்று சொல்லி செட்டை அணைக்கிறாள். குழம்பு கொதிக்கிற சத்தம். படம் முடிந்தது.

தியேட்டர் பொறுக்கவில்லை.

“இன்னாபா, பேய்க்கு இன்னிக்கு லீவா?”

“கரண்டு பில்லு கட்லியா தலீவா, ஒரே இருட்டாகீது!”

“யக்கா, அப்டியே எனுக்கும் ரெண்டு துண்டு மீனு எட்த்து வைய்யி!”

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு சீட்டின் கைப்பிடியைப் பிடித்தவன், விளக்கு போட்ட பிறகும் விடவில்லை.

வெளியே டீக்கடையில் சொன்னான்: “கலீஜ் படம் மாமு. அத்தினியும் பொய்யி. எட்த்தவன் கைல கெட்ச்சான்னா கட்டிப் போட்டு ஒதைப்பேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “உனுக்கு இன்னா தெரியும் படம் பாக்க? ரத்தம் தெறிச்சாதான் உனுக்குப் பயம் வரும். நீ போய்ப் பாம்புப் படம் பாரு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

அதோடு விட்டேனா? வீட்டுக்கு வந்து ஃபேஸ்புக்கில் பக்கம் பக்கமாக எழுதினேன். இந்தப் படத்தை வெறுக்கிறவர்கள் யாரையும் இழக்காதவர்கள், இழந்திருந்தாலும் அதை உணராதவர்கள் என்று முடித்தேன். அழகான வரி என்று நினைத்தேன். பாதிப் பேர் கொண்டாடினார்கள், பாதிப் பேர் திட்டினார்கள். முகம் தெரியாத ஆட்களோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். அவன் மட்டும் எதுவும் போடவில்லை. போனையும் எடுக்கவில்லை.

ஒரு படத்துக்காக எதற்கு அவ்வளவு சண்டை? பிறகு யோசித்தேன். வீட்டில் நான் ஒருத்தன்தான். மகளுக்குப் பெங்களூரில் வேலை. மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள், எமனோடு அல்ல, தன் அண்ணன் வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் குழாய் சொட்டுவதும் லாரி ஹாரனும்தான் என்னோடு பேசும். சுவரிலிருந்து ஒரு குரல் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் அலற மாட்டேன். டீ குடிக்கிறாயா என்று கேட்பேன். அந்தப் படம் எனக்குப் பேய்ப்படமே இல்லை. ஆசை.

பத்து நாள் பொறுத்து, துறைமுகத்துக்கே போனேன். கடல் திறக்க இரண்டு நாள் இருந்தது. படகின் கேபினுக்கு நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

“இன்னா, பெரிய மன்சன் இந்தப் பக்கம்?”

“போன் ஏன் எடுக்கல?”

“படம் பாக்கத் தெரியாதவன்கிட்ட இன்னா பேச்சு?”

அவன் பிரஷ்ஷைத் தொட்டுத் தொட்டு அடித்தான். பிறகு திரும்பாமலே கேட்டான்.

“அந்தப் பொம்பள பதில் சொல்றா, பாத்தியா?”

“ம்.”

“அவன் எத்தினி வாட்டி கூப்டாலும் சொல்றா.”

வலையை இறக்கிவிட்டால் மணிக்கணக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். அப்போது படகுக்குப் படகு வயர்லெஸ்தான் துணை. பாட்டு, வசவு, கேலி, பொய்யாக அலறுவதுகூட உண்டு. இதெல்லாம் அவனே முன்பு எனக்குச் சிரித்துச் சொன்னதுதான். அவனுடைய மச்சான், மனைவியின் தம்பி, சில வருடங்களுக்கு முன் படகோடு மூழ்கிப் போனதும் எனக்குத் தெரியும். காரியத்துக்குப் போயிருந்தேன். இது மட்டும் தெரியாது:

“மொதநாளு கூப்ட்டான் மாமு. ‘தண்ணி ஏறுது, வாங்கடா’ன்னான். அல்லாரும் வலைய வுட்டுட்டுப் பதறிக்கினு போனா, சிரிச்சிகினு நிக்கறான். ‘பீடி கீதாடா’ன்றான். மறுநாளும் கூப்ட்டான். பட்டப்பகலு. அதே பேச்சு, அதே கொரலு. ‘வேற வேல இல்லியாடா உனுக்கு’ன்னு ஒண்ணு வுட்டுட்டு, சவுண்ட கம்மி பண்ட்டேன். வலை ஏறிகினு இருந்துச்சி.”

பிரஷ்ஷிலிருந்து பெயின்ட் சொட்டியது. அவன் கவனிக்கவில்லை.

“வூட்ல தெரியுமா?”

“உங்கைலதான் சொல்றேன்.” கேபின் சுவரில் ஒரு கோடு இழுத்தான். “அவ அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களோட போயி ரெண்டு வாட்டி பாத்துட்டா அந்தப் படத்த. தம்பி பேசுற மாதிரியே கீதுன்றா. நல்ல படமாம். ‘நீ ஒரு வாட்டி என்ன இட்டுகினு போ’ன்றா. நா இன்னா சொல்லட்டும்?”

போயிருந்தாலும் நேரத்துக்குச் சேர்ந்திருக்க மாட்டாய் என்று சொல்லலாம். அது எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. அது தெரியாமல்தான் அவன் இத்தனை வருடம் கடலுக்குப் போய் வந்திருக்கிறான்.

“நான் எழுதினத எடுத்துடறேன்,” என்றேன்.

“இன்னாத்துக்கு? நல்லாதான் எழுதிகீற. மூணு வாட்டி படிச்சேன்.”

அதற்கு அவன் என்னைத் திட்டியிருக்கலாம். வெயில் ஏறி, தலைக்கு மேல் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. கிளம்பத்தான் வேண்டும், ஆனால் எதையாவது மிச்சம் பிடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும் போலிருந்தது.

“வெள்ளிக்கெழம புதுசா ஒண்ணு வருது. சிரிப்புப் படம்தான். போலாமா?”

அவன் பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்தான்.

“கடல் தொறந்துடும் மாமு. நீ தனியா போ. நல்லா இருந்தாலும் வந்து எங்கைல சொல்லாத.”