பச்சைச் சீட்டுக்குக் கொளுத்திய பட்டாசு

எங்கள் ஊர்ப்பக்க உள்ளாட்சித் தேர்தலில் ஒரு ஆளுக்கு நாலு ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நாலும் ஒரே பெட்டிக்குள் விழும். எண்ணுகிற நாளில் பெட்டியைக் கவிழ்த்து, நிறம் நிறமாகப் பிரித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, அப்புறம்தான் எண்ணவே ஆரம்பிப்பார்கள். அவசரப்படுத்தினால் ஆகிற வேலை இல்லை.

மஞ்சள் சீட்டில் என் தங்கை நின்றாள். பதவி ஆசையெல்லாம் கிடையாது. கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அவள் வாழ்க்கைப்பட்ட ஊர். ஊருக்கு முன்னால் ஓடை, ஓடைமேல் தாழ்வாக ஒரு தரைப்பாலம். மழை வந்தால் தண்ணீர் பாலத்துக்கு மேலே போகும். பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். உயரமாக ஒரு பாலம் கேட்டு, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமைதோறும் மனுவோடு நடந்தாள். ஒருநாள் திரும்பி வந்து, “கேக்கற எடத்துல நின்னு நின்னு காலு வலிக்குதுண்ணா. குடுக்கற எடத்துல போயி உக்காந்துடறேன்” என்றாள். அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மறுநாளே என் வேனுக்கு மைக் செட் கட்டினேன்.

ஓட்டு எண்ணியது கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. தங்கையின் கொழுந்தன் எங்கள் ஏஜெண்டாக உள்ளே இருந்தான். எதிர்த்து நின்ற அம்மாவும் உள்ளே உட்கார்ந்திருந்தார். “உள்ள உக்காந்து எண்ணறதப் பாக்க என்னால ஆவாது” என்று தங்கை மட்டும் வெளியே என்னோடு நின்றாள். தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம் எங்கள் கூட்டம், அந்தப் பக்கம் அவர்கள் கூட்டம்.

சாயங்காலம் நாலு மணி வாக்கில் கொழுந்தன் ஜன்னலில் தலையை நீட்டி, “நம்ம சின்னம் ஜெயிச்சிடுச்சி!” என்று கத்திவிட்டு உள்ளே போனான். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆயிரம் வாலா சரத்தைக் கொளுத்தியது நான்தான். வாங்கி வைத்திருந்த ரோஜா மாலையைத் தங்கை கழுத்தில் போட்டதும் நான்தான். எதிர்க்கூட்டத்தில் ஒரு பெரியவர், “நமக்கு இங்க இன்னா வேல, வண்டிய எடுங்கடா” என்றார். பத்தே நிமிடத்தில் அந்தப் பக்கம் காலி.

பட்டாசுப் புகை அடங்குவதற்குள் கொழுந்தன் கேட்டுக்கு ஓடி வந்தான்.

“யாரு வெடி வெச்சது?”

“நான்தான். ஏன்?”

“ஐயோ அண்ணா! ஜெயிச்சது பச்சைச் சீட்டு. நம்ம கட்சி ஒன்றியக் கவுன்சிலர். மஞ்சள இன்னும் எண்ணவே இல்ல!”

ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் ஒரே கட்சி, ஒரே சின்னம். எனக்குத் தெரியாததா? வீடு வீடாகப் போய் நிறத்தைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்! தங்கை மாலையைக் கழற்றவும் முடியாமல் போட்டிருக்கவும் முடியாமல் என்னை முறைத்தாள்.

விளக்குப் போடுகிற நேரத்தில் மைக்கில் மஞ்சள் முடிவைச் சொன்னார்கள். தோற்றுவிட்டாள். வித்தியாசம் ஒரு கட்டுக்கும் கம்மி.

ஜெயித்த அம்மா சான்றிதழும் கையுமாகப் புருஷனோடு வெளியே வந்து இப்படியும் அப்படியும் பார்த்தார். கைதட்டக்கூட ஆள் இல்லை. தங்கை நேராகப் போய், தன் மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டாள்.

“உனக்கு வாங்கினதும்மா இது.”

“ஜெயிச்சவங்களுக்கு வாங்கினதுதான்க்கா. உங்க ஆளுங்க கெளம்பிட்டாங்க, எங்க அண்ணன் செஞ்ச வேல. வாங்க, எங்க வேன்ல எடம் இருக்கு.”

அவர்கள் ஊருக்கு நேராகத் தார் ரோடே போகிறது. ஆனால் புறவழிச்சாலை திரும்புகிற இடத்தில் தங்கை, “அண்ணா, நம்ம ஓடை வழியா போ” என்றாள். அது சுத்து என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தேன்.

அது மார்கழி மாதம். ஓடையில் இன்னும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னாள். “எறங்குங்கக்கா, ஒரு நிமிஷம்.”

மாவட்டக் கவுன்சிலர், மாலையோடு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தார். ஹெட்லைட் வெளிச்சத்தில் நாலு எட்டு நடந்திருப்பார், ஒரு செருப்பு கழன்று போயே போய்விட்டது.

“இதுலயாம்மா பசங்க போவுதுங்க?”

“டெய்லி போவுதுங்க.”

“சரி, ஒரு மனுவா எழுதிக் குடு.”

“எழுதி எழுதித்தான்க்கா எலெக்‌ஷன்லயே நின்னேன். இப்ப நீங்க நிக்கறீங்க பாருங்க, இதான் மனு.”

அந்த அம்மா சிரித்துவிட்டார். பிறகு மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, அக்கரைவரை நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.