ரோபோ என்று நான் குறித்த முகவரிகள்

ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் டோக்கன் இணையதளத்தை எங்கள் நிறுவனம் புதிதாக எழுதிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வாரத்து டோக்கன்கள் திறக்கும். பழைய தளம் சில நிமிடங்களிலேயே திணறிவிடும். புதியது தாங்குமா என்று சோதிப்பது என் வேலை.

அதற்குப் பழைய தளத்தின் பதிவுகளைப் படித்தேன். எந்த இணைய முகவரியிலிருந்து எத்தனை மணிக்கு வந்தார்கள், எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள், அடுத்ததற்குப் போகுமுன் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று வரிவரியாக இருக்கும். ஆளின் பெயர் இருக்காது. அந்த நடமாட்டத்தைக் கணினியைக்கொண்டு அப்படியே நடித்துக்காட்டிப் புதிய தளத்தின் மேல் ஏவ வேண்டும்.

டோக்கனை மொத்தமாக அள்ள மென்பொருளை ஏவுகிறவர்களும் உண்டு. ஒரே முகவரியிலிருந்து ஒரே நிமிடத்தில் ஏராளமான கோரிக்கைகள் வந்தால் ரோபோ என்று குறித்தேன். அப்படிச் சேர்ந்த முகவரிகளைச் சோதனையிலிருந்து நீக்கிவிட்டு, பட்டியலை வெள்ளிக்கிழமை பாதுகாப்புக் குழுவுக்கும் அனுப்பினேன். புதிய தளம் அவற்றை வாசலிலேயே தடுத்துவிடும்.

திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குப் போகும் வழியில், கேஸ் இணைப்புக்கு ஆதார் நகல் எடுக்க, பெங்களூர் ஈஜிபுராவில் என் வீட்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனேன். உள்ளே நிற்க இடமில்லை. பலர் கையில் எக்ஸ்ரே கவர்கள்.

"எட்டுக்கு ஓப்பன் ஆவும் மேடம். அது முடியட்டும், எடுத்துத் தரேன். ஸ்வல்ப நேரம் நில்லுங்க" என்றார் கடைக்காரப் பெண்மணி.

நாங்கள் தளம் எழுதிக்கொண்டிருந்த அந்த மருத்துவமனையின் பக்கம்தான் திரைகளில் இருந்தது. என் பக்கத்தில் நின்றவர் பெயின்டர். நகக்கண்ணில் வெள்ளைச் சாயம்.

"வூட்ல அவங்களுக்குக் கிட்னி. நம்ம போன்ல போட்டா சுத்திக்கினே இருக்குது. இந்தக்கா போட்டாத்தான் கெடைக்குது. போன வாரம் அதுவும் கெடைக்கல" என்றார்.

"ஒரே நேரத்துல எத்தனை பேருக்குப் போடுவீங்க?" என்று கடைக்காரப் பெண்மணியிடம் கேட்டேன்.

"எல்லாருக்கும்தான். நாலு சிஸ்டம், மூணு போனு. எல்லாம் ஒரே வைஃபை."

ஒரே வைஃபை என்றால் பதிவில் எல்லாரும் ஒரே முகவரிதான். எட்டு அடித்ததும் அவர் ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித்தாவிப் பக்கத்தைப் புதுப்பித்தார். பெயின்டரின் போன் நம்பரை இரண்டு முறை தப்பாக அடித்து, இரண்டு முறை பின்னால் போய்த் திருத்தினார். எட்டு நாலுக்கு டோக்கன் விழுந்தது. பெயின்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். அடுத்த திங்கட்கிழமை புதிய தளம். நகலை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

ஆட்டோ பிடித்து ஆடுகோடியிலிருந்த ஆபீஸுக்குப் போய், அன்று காலைப் பதிவைத் திறந்தேன். எட்டு நாலு. சிறுநீரகப் பிரிவு. போன் நம்பர் பக்கத்துக்கு இரண்டு முறை திரும்பிய ஒரே முகவரி. என் பட்டியலில் அது ஒன்பதாவது வரி.

மற்றவற்றையும் பார்த்தேன். ரோபோ ஒரு படிவத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் நிரப்பிவிடும். இவர்களில் பலர் பிறந்த தேதியில் ஒரு நிமிடம் நின்றிருந்தார்கள். திருத்தியிருந்தார்கள். நான் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தேன். பாதி முகவரிகளை மனிதர்கள் என்று உறுதியாக விடுவிக்க முடிந்தது. சிலவற்றில் கடைசிவரை தெளிவு வரவில்லை.

அந்தக் கடையைப்போல ஒரு கூட்டத்தைச் சோதனையில் சேர்த்து ஓட்டினேன். அரை நிமிடத்துக்குள் புதிய தளம், கோரிக்கைகளை எண்ணித் தடுக்கும் தன் விதிப்படி, மொத்தக் கடையையும் தடுத்துவிட்டது.

எங்கள் குழுத் தலைவர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவரிடம் திரையைக் காட்டினேன்.

"தப்புன்னு மெயில்ல எழுதாதம்மா. லிஸ்ட்ட ரிவைஸ் பண்ணோம்னு எழுது. போதும்."

"அப்படி எழுதினா அவசரமா எடுத்துக்க மாட்டாங்க சார். பழைய லிஸ்ட்டே போயிடும்."

அவர் தலையாட்டினார், ஆனால் முகம் தெளியவில்லை. "மனிதர்களை ரோபோ என்று குறித்துவிட்டேன், பழைய பட்டியலைப் பயன்படுத்த வேண்டாம்" என்று பாதுகாப்புக் குழுவுக்கு எழுதி அனுப்பினேன். பதில் வரும்வரை நாற்காலியில் உட்கார முடியவில்லை. மறுநாள் பட்டியலை மாற்றினார்கள். கோரிக்கைகளை எண்ணித் தடுக்கும் விதியையும் தளர்த்தினார்கள். தெளிவில்லாத முகவரிகளை மட்டும் விடமாட்டோம் என்றார்கள். நான் வாதாடினேன், கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்க, ஈஜிபுரா தெருவில் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் எதிர்ப்பக்கமாக நடந்தேன்.

திறப்பு நாளன்று ஏழு மணிக்கே ஆபீஸில் இருந்தேன். எட்டுக்குத் திரையில் வருகையைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏறியது. தளம் மெதுவானது, ஆனால் விழவில்லை. ஈஜிபுரா முகவரியிலிருந்து டோக்கன்கள் விழுந்ததைப் பார்த்து, குழுத் தலைவர் காபி வாங்கி வந்து என் மேசையில் வைத்தார்.

எட்டு ஏழுக்குத்தான் கவனித்தேன். தெளிவில்லாத முகவரிகளில் ஒன்று தடுக்கப்பட்டுக்கொண்டே இருந்தது, அதுவும் விடாமல் முயன்றுகொண்டே இருந்தது. இடைவெளிகள் ஒழுங்கில்லாமல் இருந்தன. மூன்று நொடி, பன்னிரண்டு நொடி, பிறகு இரண்டு. அது மனிதக் கைதான். பாதுகாப்புக் குழுவைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னேன். திறந்தபோது எட்டு பதினொன்று. டோக்கன்கள் தீர்ந்திருந்தன.

காபியில் ஆடை படிந்திருந்தது. அந்த முகவரி எந்த ஏரியா என்று தேடிப் பார்த்தேன். பெங்களூர் என்று மட்டும் காட்டியது.