பசி தாங்குகிற பெண்

எனக்குப் பதினான்கு வயதில், கூலி நெல்லைக் கூட்டித் தரச் சொல்லி நன்னிலம் பக்கத்து எங்கள் ஊரில் குறுவை அறுப்பை நிறுத்தினார்கள். அப்பாதான் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு ஊர்த் தலைவர். ஒரு மாதம் யாரும் அரிவாளைத் தொடவில்லை. வீட்டில் ஒரு வேளைக் கஞ்சிதான். என் பங்கைத் தம்பிகளுக்கு ஊற்றிவிட்டு, பசியில்லை என்றுவிடுவேன்.

சங்கக் கூட்டத்தில் அப்பா என்னை எழுப்பி நிறுத்தினார். "எம் பொண்ணப் பாருங்க. பசியத் தாங்குறா. நாம தாங்க மாட்டமா?" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு ருசித்தது. அதற்குப் பிறகு வேறு எதுவும் ருசிக்கவில்லை.

கூலி உயர்ந்தது, நெல் வீட்டுக்கு வந்தது. எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எனக்குப் பசியே பறந்துவிட்டது. தட்டைக் கண்டால் பயம். ஒரு கவளம் இறங்கினாலும் தோற்றுப்போன அவமானம். ரோஷக்காரி என்றார் அப்பா, பெருமையாகவே. அத்தை குடல் புண் என்றாள். பூசாரி கட்டிய கறுப்புக் கயிறு மணிக்கட்டில் நாளுக்கு நாள் தொளதொளத்தது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று ஊரே வைத்தியம் சொன்னது. இப்படியே இரண்டு வருஷம். எனக்கு இன்றும் ஆத்திரம் அதில்தான்.

நாற்றுப் பறிக்கும்போது மயங்கிச் சேற்றில் விழுந்தேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எப்போதிருந்து இப்படி என்று டாக்டரம்மா கேட்டார். அறுப்பை நிறுத்தியதிலிருந்து என்றாள் அம்மா. இது ரோஷமில்லை, நோய் என்றார் டாக்டரம்மா. அப்போதே வந்திருந்தால் சீக்கிரம் தேறியிருப்பாள், இனி வருஷக்கணக்கில் ஆகும், எலும்புக்கு நான் உறுதி சொல்ல முடியாது என்றார். எலும்பு விஷயம் அவர் பயந்தபடியே ஆயிற்று. நாற்பது வயதுக்குள் என் முதுகு கூனிவிட்டது.

அடுத்த கூட்டத்தில், அதே ஆட்களின் முன்னால் அப்பா எழுந்தார். "பசிக்குதுன்னு வெக்கப்படாம சொல்லத்தான் கூலி கேட்டோம். அத எம் பொண்ணுக்கு நான் சொல்லல. அன்னிக்கு நான் பேசினது தப்புங்க." யாரும் கைதட்டவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பாடு, திட்டக் கூடாது, பாராட்டவும் கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. அப்பா தினமும் என் எதிரில் தட்டோடு உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவார். மேடையில் பேசிப் பழகியவருக்கு அது லேசில்லை.

மூன்று வருஷம் கழித்து ஒரு நாள், வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், "பசிக்குதுப்பா" என்றேன். மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தன் தூக்குச் சட்டியைத் திறந்து கொடுத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை, எங்கே பாராட்டிவிடுவோமோ என்று, அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதார்.