மாணிக்கம் அண்ணன் கேட்ட கேள்வி

போன வாரம் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு மாணிக்கம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். முதல் பத்திரிகை அவருக்குத்தான். சொந்தக்காரரா? இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர்.

காரணத்தை இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை. கூச்சம்தான்.

எழுபதுகளின் நடுவில் நான் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. சனிக்கிழமையானால் பிரிஞ்சாங் டவுனுக்குப் போய் நாலு நம்பர் லாட்டரி எடுப்பேன். ஒரு தடவை அடித்தது... அதோடு பிடித்தது சனியன். சம்பளம் போனது. மனைவி சரோஜாவின் சங்கிலி போனது. கடைசியில், தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் தீபாவளிக்காக என்னை நம்பிக் கொடுத்து வைத்த பணமும் போனது.

நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று தோன்ற ஆரம்பித்தது. அது பொய் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் அண்ணன் லாரியில் கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். என் ரேடியோவை அவரிடம் நீட்டினேன்.

"நீங்களே வச்சுக்குங்கண்ணே. எனக்கு இனி வேணாம்."

அவர் ரேடியோவை வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"என்னா தம்பி, செத்துப் போலாம்னு நெனைக்கிறியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாண்ணே."

கேட்கும்போது தனக்குத்தான் கை நடுங்கியது என்று போன வாரம்தான் சொன்னார். அன்றைக்கு அது எனக்குத் தெரியவே இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை, புத்தியும் சொல்லவில்லை.

"சரி, ஏறு. மொத டிரஸ்ஸர்கிட்ட போலாம். அப்புறம் தங்கச்சி சரோஜாகிட்ட. ரெண்டு எடத்துலயும் நான் கூட நிக்கிறேன்லா."

நின்றார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் பொறுமையாகக் கேட்டு, டவுன் டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார். சரோஜாவிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். மூன்றாம் நாள் அவள் சொன்னாள்: "இனிமே ஒங்க சம்பளத்த நான் வாங்கிக்கிறேன். நீங்க இருந்தா போதும்."

அந்தப் பெண்களிடம் வீடு வீடாகப் போய் ஒப்புக்கொண்டேன். கிடைத்த வசவுகளை வாங்கிக்கொண்டேன். கடன் அடைய நான்கு வருடம் ஆனது. நடுவில் ஒருமுறை சறுக்கி மறுபடி நம்பர் எடுத்தேன் – அன்றைக்கே சரோஜாவிடம் சொல்லிவிட்டேன்.

சூதாடி ஒருவன் பணத்தை விட்டதை ஊரே பேசும். அவன் மனசு உடைந்துபோனதை எத்தனை பேர் கவனிக்கிறோம்? உங்கள் பக்கத்திலும் அப்படி ஒருவர் இருக்கலாம். நேராகக் கேட்டுவிடுங்கள், பிறகு கூடவே நில்லுங்கள்.

கேட்கும்போது உங்களுக்கும் கை நடுங்கும்... நடுங்கட்டுமே.