இரண்டு விரல் சண்டை

மார்ச் எட்டு பெண்கள் ஊர்வலத்துக்கான கோஷங்களைத் தெரிவுசெய்ய ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் ஒரு மண்டபத்தில் கூடியிருந்தோம். ஆபிரிக்கப் பெண்களைக் காப்பாற்ற ஏற்கெனவே நான்கு கோஷங்கள் தயாராக இருந்தன. மண்டபத்திலிருந்த ஒரே ஆபிரிக்கப் பெண்ணான என் கானா நாட்டுத் தோழிக்கு வேறொன்று வேண்டியிருந்தது: "எங்கள் தாதிப் படிப்பை அங்கீகரியுங்கள்." ஊரில் பத்து வருடம் ஆஸ்பத்திரித் தாதியாக இருந்தவள் ஒஸ்லோவில் முதியோர் இல்லத்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பேச்சாளர் பட்டியலில் அவள் பத்தொன்பதாவது. கூட்டம் முடிய அரை மணி நேரமே இருந்தது.

நோர்வேக் கூட்டங்களில் ஒரு விரலை உயர்த்தினால் பட்டியலில் சேர்ப்பார்கள். முன்னவருக்குப் பதில் சொல்ல இரண்டு விரலை உயர்த்தினால் உடனே ஒரு நிமிடம் தருவார்கள். தோழி இரண்டை உயர்த்திக் கோரிக்கையைச் சொல்லி முடித்தாள். பக்கத்திலிருந்த பிரேசில் நாட்டுக் கறுப்பினத் தோழியும் இரண்டை உயர்த்தினாள். நோர்வேஜிய மொழியில் நடந்த சண்டையை என் தமிழில் தருகிறேன்.

"முழுப் பிழை! தாதியள் மட்டுமோ? நான் பிரேசிலிலை ரீச்சர், இஞ்சை கக்கூஸ் கழுவுறன்."

"முதல் நாங்கள், பிறகு நீ!"

"அதென்ன நீங்கள் முதல்?"

இப்படியே இருபது நிமிடங்கள். விதிப்படி கூட்டத் தலைவியால் தடுக்க முடியவில்லை. "வெளிநாட்டில் பெற்ற எல்லாப் படிப்பையும்" என்று திருத்திய கோஷம் பெரும்பான்மையில் நிறைவேறியது.

கலையும்போது தலைவி என்னிடம் கவலையாகக் கேட்டார். "இவை ரெண்டு பேரும் ஒத்துப்போகவே மாட்டினமோ?"

"கஷ்டம்தான்," என்றேன். முந்தின நாள் பின்னேரம் என் வீட்டுக் குசினியில் இருவரும் இதை நான்கு தடவை ஒத்திகை பார்த்ததை நான் சொல்லவில்லை.