நேர்ல வந்து சொல்லுதேன்

எட்டாவதோடு படிப்பை விட்ட நான், ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் தட்டும் வேலையில் இருந்தேன். அதற்குப் புரோகிராம் எழுதியவர் ஸ்ரீவில்லிபுத்தூர் காசிம் அண்ணன். ‘ஹெல்ப்’ என்று தட்டினால் ஆங்கிலத்தில் அரைகுறையாக ஏதோ வரும். எதைத் தொட்டாலும் எல்லாம் அழிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அதை அண்ணனிடம் சொன்னேன்.

“ஏலே, எதெதுக்குப் பயம்னு சொல்லு. அம்புட்டையும் ஹெல்ப்புல எழுதிருவோம். ஒன்னைய மாதிரி பயந்தாங்கொள்ளி கேட்டாத்தான் நான் விட்டது எனக்கே தெரியுது” என்று சிரித்தார். வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து மில்லுக்கு வருவார். நான் கேட்டதையெல்லாம் ஹெல்ப்பில் ஆங்கில எழுத்திலேயே தமிழாக எழுதுவார். ‘முதல்ல காப்பி எடு, பொறவு தட்டு’ என்று ஒவ்வொரு கட்டளைக்கும் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுவாரம், கரண்ட் போய் வந்ததில் தொழிலாளர்களின் வருகைக் கணக்கு அழிந்துவிட்டது. காப்பி எடுத்து வைத்திருந்த பிளாப்பித் தட்டிலிருந்து அதை மீட்கும் கட்டளையை நான் தொட்டதே இல்லை. ஹெல்ப்பைத் திறந்தேன். ‘பயப்படாத. இத நேர்ல வந்து சொல்லுதேன்’ என்று மட்டும் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பிறகு, அவர் பழக்கியபடி முதலில் பிளாப்பியைக் காப்பி எடுத்துவிட்டு, அந்தக் கட்டளையைத் தட்டினேன். கணக்கு திரும்பி வந்தது.

எனக்குப் பின் வருகிறவர்களுக்காக, செய்த முறையை ஹெல்ப்பில் நானே எழுதி வைத்தேன். அவருடைய வரியை மட்டும் அழிக்கவில்லை. அண்ணன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.